உடைந்த இரண்டாவது ஆல்பம்

காலை பத்து மணிக்கு, ஒலிப்பதிவுக் கூடத்தின் கழுவுதொட்டியில் இரண்டாவது ஆல்பம் கிடந்தது. ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தியலால் நொறுக்கித் தண்ணீரில் போட்டிருந்தார்கள். கதவுப் பூட்டு உடையவில்லை. சாவி மூன்று பேரிடம் இருந்தது: ராக் குழுவின் பாடகன், ட்ரம்ஸ் வாசிக்கும் அவன் அண்ணன், ஒலிப்பதிவாளர்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆல்பம் போய்ச் சேராவிட்டால் கம்பெனி ஒப்பந்தத்தைக் கிழித்துவிடும். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் ஒலிப்பதிவாளரைக் காட்டிப் பாடகன் கத்தினான்.

“இவன்தான் மேடம்! முதல் ஆல்பம் வெளியாகுறதுக்கு முன்னாடியே திருட்டுத்தனமா கசிஞ்சுது. அதனால இந்தத் தடவ காப்பியே எடுக்கக் கூடாதுன்னேன். கடைசில அடிமடியிலயே கை வச்சுட்டான்.”

“உடைச்சு எனக்கென்ன கிடைக்கப்போவுது? நேத்து சாயங்காலம் வழக்கம்போல ஃபேடரையெல்லாம் இறக்கிட்டுப் பூட்டிட்டுப் போனேன்” என்றார் ஒலிப்பதிவாளர்.

வாசலில் சத்தம். ஓரமாக நிற்கச் சொன்ன கான்ஸ்டபிளின் சட்டையை ட்ரம்ஸ்காரன் பிடித்திருந்தான். விலக்கி உள்ளே கொண்டுவந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா மிக்ஸிங் மேசையைப் பார்த்தார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு ஃபேடர். ஏற்றினால் ஒலி கூடும், இறக்கினால் அடங்கும். எல்லாம் அடியில் இருந்தன. ஒன்று மட்டும் உச்சியில். அதன்கீழே ‘ட்ரம்ஸ்’ என்று ஒட்டியிருந்தது.

“உடைக்கிறதுக்கு முன்னாடி இத மட்டும் தனியா கேட்டிருக்காங்க. இதுல அப்படி என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல” என்றான் பாடகன். ரொம்ப வேகமாக.

“பழி என் தலையில விழும்போது நான் ஏன் வாய மூடணும்?” என்றார் ஒலிப்பதிவாளர். “அது மெஷின் போட்ட தாளம், மேடம். அண்ணன் வாசிச்சதத் தூக்கிட்டு மெஷின் வைக்கச் சொன்னதே தம்பிதான். அவருக்குத் தெரியவே கூடாதுன்னு.”

ட்ரம்ஸ்காரன் சுவரில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார். “ஓரமா நில்லுன்னதுக்கே சட்டையப் பிடிச்சீங்க. உங்க வாசிப்பத் தூக்கிட்டோம்னு சொல்றாங்க, நீங்க தலையக்கூடத் திருப்பல. முன்னாடியே தெரியும். இல்லையா?”

ட்ரம்ஸ்காரன் தம்பியை முறைத்தான்.

“இவங்க ரெண்டு பேருக்கும் மெஷின்னு தெரியும். தெரிஞ்சவன் எதுக்குத் தனியா கேட்டுப் பாக்கணும்? சந்தேகப்பட்டவன்தான் கேப்பான். கேட்டீங்க. உடைச்சீங்க.”

“ஆமா, நான்தான்! பத்து வருஷமா என் தோள் மேல ஏறி நின்னுட்டு, எனக்குத் தாளம் வராதுன்னு முடிவு பண்ணிட்டான். வெள்ளிக்கிழமை வெறுங்கையோட போய் நிக்கட்டும்.”

“நீ வாசிச்சா பாட்டு நொண்டுது” என்றான் தம்பி.

ஒலிப்பதிவாளர் தொண்டையைச் செருமினார். “ஆல்பம் அழிஞ்சு போகல. எங்க வீட்ல ஒரு காப்பி இருக்கு. சொன்னா திருடன்னு கட்டிவச்சிருவீங்கன்னுதான் பேசாம இருந்தேன்.”

பாடகன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தான்.

“ஆனா, அண்ணே,” என்றார் ஒலிப்பதிவாளர் ட்ரம்ஸ்காரனிடம், “நீங்க வாசிச்சத அழிக்கச் சொன்னாரு. எனக்கு மனசு வரல. வேற பேருல ஒளிச்சு வச்சிருந்தேன். காப்பில அது இல்ல. நீங்க உடைச்ச டிஸ்க்ல மட்டும்தான் இருந்துச்சு.”

தொட்டியில் கிடந்த சில்லுகளைக் கான்ஸ்டபிள் பையில் அள்ளினார். ட்ரம்ஸ்காரன் ஒரு சில்லைக் கேட்டான். தரவில்லை. தம்பி அதற்குள் கம்பெனிக்குப் போன் போட்டிருந்தான்.