மலைமேல் ஓர் ஊருணி

1951 தை மாதம், கருங்கொம்பு மலையின் மேற்குச் சரிவில், ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த பதினொரு குடும்பங்கள் காட்டைத் திருத்தக் குடியேறின. அரசாங்கம் நிலத்தை அளந்து, எல்லையில் எட்டுக் கல் நட்டுக் கொடுத்தது. ஊருக்குப் புதுக்கமுதி என்று பெயர் வைத்தார்கள்.

இருபத்தேழு வருடம் கழித்து, மேல்சரிவு ஊரின் எல்லைக்குள் வராது, அது காடுதான் என்று வனத்துறை சொன்னது. பூமயிலின் மிளகுத் தோட்டம் மேல்சரிவில் இருந்தது. ஏழு கற்கள் கிடைத்துவிட்டன. எட்டாவதற்கு ஊரில் ‘ஊருணிக் கல்’ என்று பெயர். பெயர் இருந்தது, கல்லைக் காணோம். வியாழக்கிழமை சர்வேயர் வருகிறார். அதற்குள் கிடைக்காவிட்டால், மேல்சரிவுக்குக் கீழே ஓடும் ஓடைதான் எல்லை.

ஊர் நடுவே இருக்கும் குடிதண்ணீர்க் குளத்துக்குத்தான் ஊருணி என்று பெயர். அதன் கரை முழுவதையும் பூமயிலும், அவள் கணவன் அங்குச்சாமியும், தம்பி வழிவிட்டானும் தோண்டிப் பார்த்துவிட்டார்கள். மண்வெட்டியில் தட்டுப்பட்டதெல்லாம் உடைந்த பானை ஓடுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, குழிக்குள் நின்றபடியே பூமயிலுக்கு அது உறைத்தது. இந்தக் குளத்தை வெட்டியது பஸ் ரோடு வந்த பிறகு. கல் நட்டதோ அதற்கு வெகுகாலம் முன்பு. முதலில் வந்தவர்கள் பஸ் ரோட்டு வழியாக வரவில்லை. மரம் இழுக்கும் கூப்பு ரோட்டில், முகட்டைத் தாண்டி வந்தவர்கள். மேலேதான் குடிசை போட்டார்கள். அட்டைக்கடியும் குளிர்காய்ச்சலும் தாங்காமல்தான் கீழே இறங்கினார்கள்.

“அப்ப அவங்க எதைக் குடிச்சாங்க?” என்றாள்.

“மேல ஏதாச்சும் சுனை இருந்திருக்கும்” என்றான் அங்குச்சாமி.

“சுனைன்னு மலைக்காரங்கதான் சொல்லுவாங்க. நம்மாளுக குடிக்கிற தண்ணி எங்க கெடந்தாலும் ஊருணின்னுதான சொல்லியிருப்பாங்க?”

அங்குச்சாமி மண்வெட்டியைத் தோளில் போட்டான். அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள்.

கூப்பு ரோட்டை எப்போதோ காடு மூடிவிட்டிருந்தது. வழிவிட்டான் அரிவாளால் ஈஞ்சைமுள்ளை வெட்டிக்கொண்டே முன்னால் போனான். பேர்தான் வழிவிட்டான், எங்கே போனாலும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறான் என்று அங்குச்சாமி பின்னாலிருந்து குறை சொல்லிக்கொண்டே வந்தான். முகட்டுக்குக் கீழே பாசி படர்ந்த சரிவுப்பாறை குறுக்கிட்டது. பாதியில் வழிவிட்டானின் கால் வழுக்கியது. வயிறு தேய அவன் கீழே சறுக்க, பூமயில் ஒரு வேரைப் பற்றிக்கொண்டு மறுகையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். சட்டை கிழிந்தது. ஆள் நின்றான். அவன் அரிவாள் மட்டும் பள்ளத்தில் வெகுநேரம் உருண்டு சத்தம் கொடுத்தது.

பாறையைக் கடந்து மூச்சு வாங்கும்போதுதான் பூமயில் அதைப் பார்த்தாள். இலைக்கூட்டத்துக்கு நடுவே விசிறி விரித்தாற்போல் விறைத்த மட்டைகள். பனைமரம்! வருடம் முழுக்க மழை ஊற்றும் காட்டில், ஆள் உயரத்துக்கு மேல் வளர முடியாமல், கருத்துப்போய் நின்றது.

“இந்த ஈரத்துல பனங்கொட்டை ஊன்ற கிறுக்கன் நம்மாளாத்தான் இருக்கணும்” என்றான் அங்குச்சாமி.  ஊருணி என்றால் கரையில் பனை வேண்டும். கொண்டுவந்த மூட்டையில் கொட்டையும் வந்திருக்கிறது.

பனையடியில் பாறைக் குழியில் தண்ணீர் கிடந்தது. சுற்றிலும் யானை மிதித்த சேறு. லத்தியில் இன்னும் ஆவி பறந்தது. அக்கா செருப்பைக் கழற்றுவதைப் பார்த்து வழிவிட்டான் முறைத்தான்.

“ஆனை மூத்திரம் பேஞ்ச தண்ணிக்குச் செருப்பைக் கழட்டணுமாக்கா?”

“ஊருணிடா. கழட்டு.”

மூவரும் வெறுங்காலோடு சேற்றில் இறங்கினார்கள். குத்திப் பார்த்த கம்புக்கு எல்லாக் கல்லும் ஒன்றுதான். பூமயிலின் உள்ளங்காலுக்கு அப்படியில்லை. கணுக்கால் ஆழத்தில் ஒரு கல் நேராக, கூராக, உளி பட்ட விளிம்போடு இருந்தது. குனிந்து சேற்றை வழித்தாள். அம்புக்குறி. அதன் கீழே எட்டு.

அந்த நேரம் பார்த்து மூங்கில் முறிந்தது. மிக அருகில்.

வழிவிட்டான் கல்லைக் கட்டிப்பிடித்து அசைத்தான். “பிடுங்கிக்கிட்டு ஓடிருவம் மச்சான்!”

பூமயில் அவன் கையைத் தட்டிவிட்டாள். “பிடுங்கினா அது வெறும் கல்லுடா. இங்க நின்னாத்தான் எல்லை. ஏறு பாறையில!”

மூன்று யானைகள் வந்தன. நிதானமாகத் தண்ணீர் குடித்தன, சேற்றை அள்ளிப் போட்டுக்கொண்டன. பாறை மேல் மூவரும் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். அட்டைகள் ஏறின, யாரும் கையை அசைக்கவில்லை. பொழுது சாயும் முன் யானைகள் போய்விட்டன. கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

வியாழக்கிழமை வந்த சர்வேயர் ஊருக்குள்ளேயே இருந்து அளக்கத்தான் விரும்பினார். யானைக்காட்டுக்குள் எப்படிம்மா போவது என்று கேட்டார். பூமயில் முன்னால் நடந்தாள். ஊரே பின்னால் போனது. சங்கிலி பிடிக்கிறவர்களும் போனார்கள். கடைசியில் அவரும் போனார். தண்ணீர் ஓரத்தில், யாரும் சொல்லாமலே, பூட்ஸைக் கழற்றினார்.

மேல்சரிவு புதுக்கமுதியின் எல்லைக்குள் வந்தது. பூமயிலின் தோட்டத்தில் வடக்கு ஓரம் மட்டும் எல்லைக்கோட்டுக்கு வெளியே போயிற்று. அங்கே இருந்த கொடிகளை விட்டுவிட்டு, மாசியில் அவள் மற்றவற்றில் மிளகு பறித்தாள்.