எட்டாயிரத்து ஐந்தாம் வாசல்

"என் சர்வரை யார் நிறுத்தினது?"

ஒசாரோ கத்தவில்லை. ஆனால் கரண்ட் போய் மின்விசிறிகள் அப்போதுதான் ஓய்ந்திருந்ததால், லாகோஸின் யாபா பகுதியிலிருந்த அந்த மூன்றாவது மாடி அலுவலகம் முழுக்க அது கேட்டது. எதிரில் பஸ் கம்பெனி முதலாளி உட்கார்ந்திருந்தார். லாகோஸிலிருந்து பெனின் நகரத்துக்கு டிக்கெட் எடுக்கும் பக்கத்தை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, பாதியில் திரை வெளுத்துப்போனது.

மேசையின் மறுமுனையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்த பெண்... அபேனி.

"நான் என்னோடதைத்தான் நிறுத்தினேன்," என்றாள்.

கோபமாகத் திரும்பியவன் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டான். தப்பு செய்த கண்கள்தான். ஆனால் துளியும் பயப்படாத கண்கள்... கேட்க நினைத்த கேள்வி அப்படியே மறந்துபோனது.

கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடக்கூடிய பெரிய கம்ப்யூட்டர் அங்கே ஒன்றுதான் உண்டு. அவன் எழுதுவது டிக்கெட் பகுதி, அவள் எழுத வந்தது பணம் கட்டும் பகுதி. ஒன்றோடு ஒன்று பேசவேண்டும் என்பதால் இரண்டு சர்வர்களும் அந்த ஒரே கம்ப்யூட்டரில் ஓடியாக வேண்டும். அவனுடைய சர்வரை அப்படியே நகல் எடுத்து, போர்ட் எண்ணை மாற்றி, ஓட விட்டிருக்கிறாள். அது எழுந்த வேகத்தில் விழுந்தது. எதற்கும் ஒருமுறை சுத்தமாக நிறுத்திவிட்டுத் தொடங்கலாமென்று நிறுத்தும் கட்டளையைத் தட்டியிருக்கிறாள். நின்றது அவனுடையது.

முதலாளியை அனுப்பிவிட்டு வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஒரு சர்வருக்கு உள்ள வர ஒரு வாசல் இருக்கும். 'நில்லு'ன்னு சொல்றதுக்குத் தனியா இன்னொரு வாசல் இருக்கும். நீங்க வர்ற வாசலை மட்டும் மாத்திட்டீங்க. நிறுத்தற வாசல் ரெண்டுக்குமே எட்டாயிரத்து ஐந்து. நீங்க எங்கேருந்து நில்லுன்னாலும் நிக்கறது நான்தான்."

"நான் நில்லுன்னா நீங்க நிக்கறீங்க. இதுல என்ன குறை, ஓகா?"

ஓகா என்றால் முதலாளி. அந்த அலுவலகத்தில் அவனை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளுடைய நிறுத்தும் வாசலின் எண்ணை எட்டாயிரத்து ஆறு என்று மாற்றினான். நிரல் எழுதும் எக்லிப்ஸ் திரையின் அடிப்பகுதியில் இரண்டு சர்வர்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடத் தொடங்கின. "இனிமே ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடும்," என்றான்.

மறுநாள் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், டான்ஃபோ எனும் மஞ்சள் மினி பஸ்கள் படகுபோல் மிதந்தன. ஐயா ரஷீதாவின் சாப்பாட்டுக் கொட்டகையில் இருவரும் ஒதுங்கினார்கள். அங்கே 'ஐயா' என்றால் அம்மா, அதாவது ரஷீதாவின் அம்மா. பீன்ஸைத் தட்டில் போட்டுக்கொண்டே ஐயா ரஷீதா அபேனியிடம் கேட்டாள்:

"உன் புருஷனுக்கு மிளகாய் போடவா?"

"புருஷனா? ஐயா, இவர் மனு போடவே இன்னும் ஆரம்பிக்கல," என்ற அபேனி, தலையில் சொட்டிய மழையைத் துடைத்தபடி அவனைப் பார்த்தாள். "போடறதா இருந்தா முன்னாடியே சொல்லிடறேன். நான் ஏ.எஸ். ஏ.ஏ.யா இருக்கறவங்க மட்டும்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம்."

லாகோஸில் பெயரைக் கேட்ட கையோடு கேட்டுவிடுகிற விஷயம்தான் இந்த ரத்த மரபணு வகை. ஏ.எஸ். உள்ளவருக்கு உடம்பில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் ஏ.எஸ்.ஸும் ஏ.எஸ்.ஸும் சேர்ந்தால், பிறக்கிற பிள்ளைக்கு சிக்கிள் செல் என்ற ரத்த நோய் வரலாம். ஒருவர் ஏ.ஏ. என்றால் அந்தப் பயமில்லை. அபேனியின் தம்பி டொலாப்போவுக்கு வந்தது. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாள்.

"வலி வந்தா அவன் காலைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். விட்டா கத்துவான்... போன வருஷம் ஈஸ்டர் அப்போ, விடவே வேண்டாம்னு பிடிச்சுக்கிட்டிருந்தேன். அவனா விட்டுட்டான்."

ஒசாரோ மழைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனும் ஏ.எஸ்.தான். 'நானும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள், நாளையிலிருந்து வேறு மேசைக்கும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது... பீன்ஸோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

நாளைக்குச் சொல்லலாம். அப்படித்தான் அன்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான்.

மழைக்காலம் போய், பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் தூசி வந்தது. 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது. பரிசோதனைக்காக டிக்கெட் போடும்போதெல்லாம் அபேனி அருகருகே இரண்டு இருக்கை எடுப்பாள், ஒன்று அவன் பெயரில், ஒன்று தன் பெயரில். பணம் கட்டாமலே பெனினுக்கு எத்தனையோ முறை போய்வந்துவிட்டார்கள். தான் விலகிப் போகாததால் தன்னை ஏ.ஏ. என்றே அவள் நம்பிவிட்டாள் என்று ஒசாரோ நினைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அபேனி சொன்னாள்.

"அப்பாகிட்ட நம்மளைப் பத்தி யாரோ சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை உன்னைச் சாப்பிட வரச்சொன்னார்."

மகனைப் புதைத்த அப்பா. பையனை உட்காரவைத்து முதலில் என்ன கேட்பார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"அபேனி... நானும் ஏ.எஸ்."

அவள் விரல்கள் நின்றன.

"எப்போலேருந்து தெரியும்?"

"ஸ்கூல்லேருந்தே."

"அப்போ ஐயா ரஷீதா கடையில நான் சொன்னப்பவும்..."

"தெரியும். சொன்னா நீ எழுந்து போயிடுவேன்னு..."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். திங்கட்கிழமை வந்தபோது அவள் நாற்காலி மேசையின் மறுமுனையில் இருந்தது.

ஒசாரோ கெஞ்சிப் பார்த்தான். "பிள்ளையே வேண்டாம் அபேனி. நாம ரெண்டு பேர் மட்டும் போதும்."

"டான்ஃபோல பக்கத்து சீட்ல குழந்தை இருந்தா இறங்கற வரைக்கும் அதோட விளையாடுவ நீ. நாளைக்கு அந்தக் கையைக் கட்டிக்கிட்டு நீ உட்கார்ந்திருக்கறதை நான் பார்க்கணுமா?"

"அப்போ துணிஞ்சு பெத்துக்கலாம். வரும்னு நிச்சயமா என்ன?"

"இன்னொரு காலை என்னால பிடிச்சுக்கிட்டு உட்கார முடியாது ஒசாரோ."

பெனின் கிளைக்கு மாற்றல் கேட்டான். கிடைத்தது.

கடைசி நாள். வெளியே பருவம் தப்பிய மழை. எல்லாவற்றையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு அவன் எழுந்தபோது, அவள் எக்லிப்ஸைக் காட்டினாள். இரண்டு சர்வர்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"உன்னோடதை நிறுத்திட்டுப் போ."

"நீயே நிறுத்து. முதல்ல நிறுத்தினதும் நீதானே."

அவள் அழுத்தினாள். மேலே இருந்த அவனுடையது நின்றது. கீழே இருந்த அவளுடையது எந்தச் சலனமும் இல்லாமல் ஓடியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் பிரிச்சு வெச்சிருக்க," என்றாள் அபேனி. குரல் உடைந்தது. "நீ நின்னதுகூடத் தெரியாம ஓடுது பார்... என்னால அப்படி முடியாது."

"என்னை மன்னிச்சிடு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

ஒசாரோ நிமிர்ந்தான்.

"ஏ.ஏ.யா இருக்கற எந்தப் பையனும் அந்த இடத்துல நெஞ்சை நிமித்திக்கிட்டு 'நான் ஏ.ஏ.'ன்னு சொல்லியிருப்பான். நீ மழையைப் பார்த்த. அப்பவே புரிஞ்சுபோச்சு. கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. சொன்னப்புறம் நான் எழுந்து போயாகணும். அதனால கேட்கல... தினமும் கேட்கல."

"அப்புறம் என்மேல ஏன் அவ்வளவு கோவம்?"

"சொல்லிட்டியே. அப்பா ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா, காய்ச்சல்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இன்னும் ரெண்டு வாரம் கிடைச்சிருக்கும்."

கீழே தெருவில் அவனை ஏற்றிப்போக வந்த வண்டி ஹாரன் அடித்தது. அவன் பையைத் தோளில் மாட்டினான், கழற்றினான், திரும்ப மாட்டினான்.

"உன்னை எவ்வளவு நேசிக்கறேன்னு நான் ஒரு தடவைகூடச் சொல்லல அபேனி."

"சொன்னியே," என்றாள். அந்தப் பயமில்லாத கண்கள் நிரம்பி வழிந்தன. "'நானும் ஏ.எஸ்.'னு சொன்னப்போ என்னன்னு நினைச்ச? அப்பா முன்னாடி நான் அவமானப்படக் கூடாதுன்னு, என்னையே விட்டுக்கொடுத்து அதைச் சொன்ன. அதுக்கு நான்தான் இன்னும் பதில் சொல்லல."

ஹாரன் மறுபடியும் அடித்தது. அவள் கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பியின் காலைப் பிடித்திருந்த அதே கை.

"நானும்தான் ஒசாரோ," என்றாள். "போ. இந்தத் தடவை நானே விடறேன்."