மஞ்சள் குடம் மட்டும்

குடத்தின் கழுத்து மட்டும்தான் கங்காவின் கையில் மிஞ்சியது. மீதி, வடக்குப்பட்டு அடிபம்பு அருகே தண்ணீரோடு சிதறிக் கிடந்தது. வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. இப்படி உடைந்த குடங்கள் ஊர் ஊராகத் திரும்பி வர, தண்டலத்தில் பிளாஸ்டிக் குடக் கம்பெனி நடத்தும் நரசிம்மன் நேராகப் போலீசுக்குப் போனார்.

1991, ஒரு வெள்ளிக்கிழமை. காலை மணி பத்து.

சப்-இன்ஸ்பெக்டர் இசைவாணி உள்ளே நுழைந்தபோது மெஷினை நிறுத்திப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகைக்கு அப்பால், கலவை போடும் சின்னப்பொண்ணு அழுதபடி நின்றாள்.

“இவதான் மேடம்,” என்றார் நரசிம்மன். “பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்காம இருக்க வெள்ளைப் பவுடர் ஒண்ணு கலக்கறோம். ஆன்டி-ஆக்சிடன்ட். விலை ஜாஸ்தி. அதத் திருடி வித்துட்டா. புடிச்சி உள்ள போடுங்க.”

“நான் எடுக்கல மேடம்! அளந்துதான் போட்டேன். இந்த வேலை பூட்சுன்னா என் வூட்ல அடுப்பு எரியாது. புள்ளைங்கள வச்சிகினு இன்னா பண்ணுவேன்?”

இசைவாணி கெமிஸ்ட்ரி படித்துவிட்டுக் காக்கிச் சட்டை போட்டவள். படித்த படிப்பெல்லாம் வீண் என்று அவள் அம்மா இன்றைக்கும் புலம்புவாள். இசைவாணி கொல்லைப் பக்கம் நடந்தாள்.

அங்கே குவிந்திருந்த உடைசலைக் கான்ஸ்டபிள் சாம்சன் லத்தியால் கிளறினார். “எல்லாமே மஞ்சள் குடமா கீது மேடம்.”

மொட்டை மாடியில் வேறு குடங்கள் மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தினமும் காலையில் வரும் முதல் குடத்தைச் சாம்பிளுக்கு அங்கே வைப்பது வழக்கம். நீலம், சிவப்பு, மஞ்சளும்கூட. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு இசைவாணி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றுகூட நொறுங்கவில்லை.

“மஞ்சள் எப்ப ஓட்டுவீங்க?” என்று கூட வந்த நரசிம்மனைக் கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை மட்டும். மங்களகரமான கலராச்சே.”

கீழே சாம்சன் உடைசலை அள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டப் போனார். நரசிம்மன் பதறி ஓடினார். “சார், சார்! வெள்ளிக்கிழமையும் அதுவுமா எதையும் வெளில கொட்டாதீங்க. லட்சுமி பூடுவா.”

பூஜை முடிந்தது. மெஷினைப் போட்டதும் அதன் வாயிலிருந்து பழுப்பு நிறக் கட்டி ஒன்று புகைந்துகொண்டு வந்து விழுந்தது. ஆபரேட்டர் எல்லப்பன் அதை ஆறவைத்து, கிரைண்டர் பக்கம் எடுத்துப் போனார்.

“நிறுத்துங்க,” என்றாள் கீழே இறங்கி வந்த இசைவாணி. “ பூஜை நேரத்துல ஹீட்டர அணைக்கலயா?”

“அணைச்சா மறுபடி சூடாவ நேரமாவும் மேடம்.”

“இந்தக் கட்டி?”

“மத்த நாள்னா மெஷின் நிக்காது, கட்டியும் வராது. வெள்ளிக்கிழமை வரும். வெளில போடக்கூடாதே, அரைச்சு இதுலயே சேர்த்துடுவோம்.”

இசைவாணி திரும்பினாள். “திருடன் கிடைச்சாச்சு.”

“யாரு மேடம்?”

“நீங்கதான்.”

நரசிம்மனின் முகம் செத்துவிட்டது.

“அந்தப் பவுடர் காவல்காரன் மாதிரி. சூடும் காத்தும் பிளாஸ்டிக்கத் தின்ன வந்தா, தான் முன்னால போய் அடி வாங்கிச் செலவாகும். உங்க பூஜை முடியறதுக்குள்ள, உள்ள வேகற பிளாஸ்டிக்ல இருந்த பவுடர் மொத்தமும் தீந்துபோச்சு. கெட்டுப்போன அந்தக் கட்டிய நல்லதோட சேர்க்கறீங்க. சின்னப்பொண்ணு புதுசா போட்ட பவுடரும் அத அடக்கவே செலவாயிடுது. அப்புறம் வெயில்ல காவலுக்கு யாரு இருக்கா?”

“மஞ்சள் கலர்ப்பொடி கெட்டதா இருந்தா...”

“மாடில இருக்கற மஞ்சள் குடமும் அதே பொடிதான். பூஜைக்கு முன்னாடி வந்த முதல் குடம். கல்லு மாதிரி இருக்கு. சின்னப்பொண்ணு திருடியிருந்தா அதுவும்ல நொறுங்கியிருக்கணும்?”

நரசிம்மன் சின்னப்பொண்ணுவின் எதிரே போய் நின்றார். “தப்பாப் பேசிட்டேம்மா. மன்னிச்சுக்கோ. இப்பவே வேலைக்கு வா. ஒடஞ்ச குடத்துக்கெல்லாம் புதுசு போட்டுத் தரணும்.”

சின்னப்பொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இசைவாணிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அம்மாவிடம் இன்றைக்குச் சொல்ல ஒரு சேதி இருந்தது.

சின்னப்பொண்ணு உடனே வேலைக்குப் போகவில்லை. எல்லப்பன் கையிலிருந்த கட்டியை வாங்கிக்கொண்டு, வெளியே வீச நேராக வாசலுக்கு நடந்தாள். நரசிம்மன் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு அவரே முன்னால் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.