இரண்டு தோல்களுக்கு நடுவே

ஜனவரியில் அவர் வரைந்த படத்தில் அந்தக் கோட்டுக்கு ஒன்பது வளைவுகள் இருந்தன. ஜூலையில் அதே இலையை லென்சுக்கு அடியில் வைத்து எண்ணியபோது பத்து இருந்தது.

பக்தவத்சலம் ஊசி முனையை இலைமேல் படாமல் பிடித்துக்கொண்டு, வளைவு வளைவாக நகர்த்தி, மறுபடியும் எண்ணினார். பத்துதான். தீவில், கராச்சர்மா ஊரில் அவருக்குக் கொடுத்திருந்த மரவீட்டின் முன்னறையே அவருடைய ஆய்வறை. வெளியே ஆறு நாளாக விடாத மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. பலகைச் சுவரின் பூசண வாடையும், பூச்சிப் பெட்டிகளில் போட்டிருந்த நாப்தலின் உருண்டைகளின் நெடியும், அடுப்படியில் காயாமல் தொங்கிய வேட்டிகளின் ஈர நாற்றமும் ஒன்றாகக் கலந்து அறைக்குள் நின்றன. மூன்று மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருந்தது. ஒரு வளைவை வரையாமல் விட்டிருப்போம் என்று சொல்லிக்கொண்டார். பதினெட்டு வருஷ வேலையில் அவர் அப்படி விட்டதில்லை.

அது காட்டுப் பாதாம் இலை. அதன் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே ஒரு மிகச் சிறிய புழு, பச்சையை மட்டும் மென்று தின்றபடி சுரங்கம் போட்டுக்கொண்டு போயிருந்தது. போன வழி வெளுத்த கோடாகத் தெரிந்தது. கோட்டின் நடுவே அதன் எச்சம் கருப்பு நூலாகக் கிடந்தது. வளர்ந்து முடிந்ததும் புழு தோலில் பிறைபோல ஒரு கீறல் போட்டு வெளியே வரும். கூடு கட்டி, அந்துப்பூச்சியாகும். இறகை விரித்தால் நாலு மில்லிமீட்டர். இதுவரை யாரும் பார்த்து எழுதாத, பெயரில்லாத பூச்சி. அதை விவரித்துப் பெயர் வைத்து மெயின்லேண்டுக்கு அனுப்ப வேண்டிய கட்டுரை பாதியில் நின்றது. இறகு நரம்புகளை எழுதியாயிற்று. செதில்களின் நிறத்தை எழுதியாயிற்று. "கண்டெடுத்தவர்" என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டிருந்தார்.

இந்த இலையிலிருந்து வந்த பூச்சியை அவரே பிடித்து ஊசியில் குத்தி வைத்திருக்கிறார். இலையோ ஆறு மாதமாகச் செய்தித்தாளுக்குள் நசுங்கிக் காய்ந்து கிடக்கிறது. வெறும் சுரங்கம் எப்படி நீளும்?

மறுநாள் பதினொன்று.

அதற்கு மறுநாள் பிறைக் கீறலைக் காணவில்லை. தோல் மூடியிருந்தது. தழும்புகூட இல்லை. எதுவும் இன்னும் வெளியே வராத இலைபோல.

அந்த இலையை முதலில் பார்த்தது ஜெகநாதன். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். பக்தவத்சலத்தின் ஆய்வு அலுவலகத்துக்குப் பூச்சியும் செடியும் சேகரித்துக் கொடுக்கும் ஆள். வடக்கே, படகில் நாலு மணி நேரத் தூரத்தில், ஏழாம் ஓடைக்கரைக் காட்டில், ஆள் உயரத்துக்குப் பலகை பலகையாக வேர் நிறுத்திய பாதாம் மரத்தில் ஏறி, "சாப், இதைப் பாருங்க, இது வேற ஜாத்" என்று கிளையை வளைத்துக் காட்டினார். கிளை முறிந்தது. விழுந்ததில் தொடை எலும்பு போய்விட்டது. மணி இரண்டு. நாலு மணிக்கு ஊர் திரும்பும் லாஞ்ச் படகு. அதை விட்டால் நாலு நாள் கழித்துத்தான் அடுத்தது. இலைகளைத் தகர டப்பாவில் அவ்வளவு நாள் வைத்தால் வாடிப்போகும், புழுக்கள் செத்துப்போகும்.

பக்தவத்சலம் அவரை இரண்டு பலகை வேர்களுக்கு நடுவே சாய்த்து உட்கார வைத்தார். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தார். கரையோர மரம் வெட்டும் கேம்ப்பிலிருந்து ஆட்களை அனுப்புகிறேன் என்றார். கேம்ப்பில் இருந்தவர்கள் மரம் இழுக்கப் போயிருந்தார்கள். லாஞ்ச் ஊதியது. ஏறினார். "ஜெகநாதன் எங்கே?" என்று படகுக்காரர் கேட்டபோது, அடுத்த லாஞ்சில் வருவார் என்று வாய் சொல்லிவிட்டது. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் இறங்கி, நேரே வீட்டுக்கு வந்து, புழுக்களை ஜாடிக்கு மாற்றிவிட்டு, மறுநாள் காலையில்தான் அலுவலகத்தில் சொன்னார். அதற்குள் பயம் வந்திருந்தது. நாலாம் ஓடைப் பக்கம் இருவரும் பிரிந்துவிட்டோம் என்றார். ஆறு நாள் தேடினார்கள். நாலாம் ஓடையில் தேடினார்கள்.

மழை தொடங்கிய எட்டாம் நாள் அது விட்டது. கூரை ஓய்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. உலர்ந்த கோரைப்பாயை நகத்தால் சுரண்டுவதுபோல, நிதானமாக, இடைவெளி விடாமல். அலமாரியைத் திறந்தார். கரையான் இல்லை. பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார். மேஜைக்குத் திரும்பியபோது சத்தம் கூடியது. செய்தித்தாள் கட்டு. குனிந்து காதை வைத்தார். மெல்லும் சத்தம்.

இலையை எடுத்து லென்சுக்கு அடியில் வைத்தார். வளைவுகளை எண்ணவில்லை. கோட்டின் முனையில் தோல் மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

"சாப், இருக்கீங்களா?"

வாசலில் நீலாவதி நின்றாள். ஜெகநாதனின் மனைவி. மாதம் ஒருமுறை அபர்டீன் பஜாருக்கு வந்துவிட்டு, அப்படியே பஸ் பிடித்து இங்கே வருவாள். ஏதாவது தகவல் உண்டா என்று கேட்பாள். இல்லை என்றதும் போய்விடுவாள். இன்று உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"சாப், ஒரு பாத், ஒரு விஷயம் கேக்கணும். சொந்தக்காரங்க எல்லாம் பொட்டை அழின்னு சொல்றாங்க. ஆறு மாசமாச்சு, பூரா ஜங்கிளும் தேடியாச்சு, இனிமே என்னன்னு சொல்றாங்க. நீங்க கடைசியா அவரைப் பாத்தவங்க. நீங்க சொல்லுங்க. அழிக்கட்டுமா?"

அவர் இலையைச் செய்தித்தாளால் மூடினார். அவள் தலையைச் சாய்த்தாள்.

"என்ன சத்தம் அது? எலியா?"

அவளுக்கும் கேட்டது.

"நீலாவதிம்மா," என்றார். "நாலாம் ஓடை இல்லை. ஏழாம் ஓடை. கால் உடைஞ்சிருந்தது. நான் விட்டுட்டு வந்தேன்."

அவள் தரையில் கையூன்றி நிமிர்ந்தாள். அழவில்லை.

"உயிரோடயா?"

"ஆமா."

"என்ன சொன்னாரு?"

"சீக்கிரம் வாங்கன்னு சொன்னாரு."

நீலாவதி முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள், நெற்றியைத் தொடவில்லை. எழுந்தாள். "விடிஞ்சா லாஞ்ச் இருக்கு. நீங்க வந்து இடத்தைக் காட்டணும்."

மறுநாள் கேம்ப்பில் இறங்கி, வழித்துணைக்குச் சண்முகத்தை அழைத்துக்கொண்டு நடந்தார்கள். ஜனவரித் தேடலில் ஆறு நாளும் அலைந்த ஆள் அவர். பாதை நாலாம் ஓடையைத் தாண்டி மேலே போனதும் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கமா? அப்ப யாரும் சொல்லலையே, சாப்."

பக்தவத்சலம் முன்னால் நடந்தார். அட்டைகள் கணுக்காலில் ஏறின. அவர் தட்டிவிடவில்லை.

ஏழாம் ஓடையைக் கடந்தபோது நடுப்பகல். காட்டுக்குள் பச்சை வெளிச்சம் கலங்கிய தண்ணீர்போல நின்றது. பறவைச் சத்தம் இல்லை. சிள்வண்டு இல்லை. மரம் அங்கேயே இருந்தது. இரண்டு பலகை வேர்களுக்கு நடுவே தண்ணீர் பாட்டில், மூடி கழன்று, பாசி பிடித்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெல்ட். கிழிந்த காக்கித் துணி. எலும்பு இல்லை. ஒரு பல்கூட இல்லை. சண்முகம் சருகுகளைக் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"பன்றி இழுத்துப் போயிருந்தாலும் ஏதாவது மிஞ்சும், சாப்..."

பேச்சு நின்றது. அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேர்கள் சேரும் இடத்தில், ஒரு மனிதன் முதுகு சாயும் உயரத்தில், பட்டை வெளுக்கத் தொடங்கியிருந்தது. வெளுத்த கோடு. தோள் அகலம். வலப்பக்கம் வளைந்து, திரும்பி, மரத்தைச் சுற்றி மறைந்து, மறுபக்கம் வந்து, மறுபடி இறங்கியிருந்தது. அதன் நடுவே கருப்புக் கயிறுபோல எச்சத்தின் தடம். பட்டை எங்கும் உடையவில்லை. உள்ளிருந்து உப்பியிருந்தது.

சண்முகம் வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். செடிகள் முறியும் ஓசை ஓடை வரைக்கும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

சுரண்டும் சத்தம் மட்டும்.

கோட்டின் முனை நீலாவதியின் மார்பளவு உயரத்தில் இருந்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"சூடா இருக்கு," என்றாள். பிறகு பட்டையோடு வாயை வைத்து, "என்னங்க, நான்தான்," என்றாள்.

சத்தம் நிற்கவில்லை.

அவள் கத்தியை எடுத்து பக்தவத்சலத்தின் கையில் கொடுத்தாள். "நீங்க திறங்க."

எத்தனையோ இலைகளை ஊசியால் திறந்த கை. கத்தி முனையால் உப்பலின் ஓரத்தில் பிறைபோலக் கீறினார். பட்டை ஈரக் காகிதம்போலப் பிரிந்தது. பாலும் பச்சை மரமும் கலந்த வாடை. மடலை இழுத்தார்.

வெளிச்சம் உள்ளே விழுந்தது.

முகம் தட்டையாக இருந்தது. அழுத்தி வைத்ததுபோல. கண்கள் இருந்த இடத்தில் வழுவழுப்பான வெள்ளைத் தோல். முடி இல்லை. கைகள் இல்லை. கன்னத்து மச்சம் மட்டும் அப்படியே. கீழே உடல், கால்கள் பிரியாமல், கோடு போன வழியே வளைந்து இருட்டுக்குள் போனது. வாய் முன்னால் நீண்டிருந்தது. மரத்தை மென்றுகொண்டிருந்தது.

"ஜெகநாதன்," என்றார் பக்தவத்சலம்.

வாய் நின்றது. முகம் அவர் குரல் வந்த பக்கம் திரும்பியது. உதடுகள் மரத்தூளோடு மெல்ல அசைந்தன, சொல்ல எதையோ தேடுவதுபோல. பிறகு வெளிச்சம் பொறுக்காமல் உள்ளே ஒடுங்கியது.

நீலாவதி பக்தவத்சலத்தைத் தள்ளிவிட்டாள். மடலைப் பழையபடி மூடி, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிச்சம் படக்கூடாது அவருக்கு," என்றாள். "நீங்க போங்க, சாப். லாஞ்சுக்கு நேரமாகுது."

பக்தவத்சலம் போகவில்லை. அவள் விரல்களுக்கு அடியில் வெட்டின ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பட்டை எழும்பியது. தாழ்ந்தது. அவள் கன்னத்தை அதன்மேல் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

உள்ளே ஜெகநாதன் மறுபடியும் மரத்தை மெல்லத் தொடங்கினார்.