கதவுகளோடு வந்தவர்கள்

மாடிக் கைப்பிடிக் கம்பியில் ஓர் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

டிசம்பர் மாதம், கடலிலிருந்து வீசிய காற்றில் மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர், மோட்டலின் நீச்சல் குளத்துக்குத் தார்ப்பாய் போட்டு மூடி இரண்டு மாதம் ஆகிறது, குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் வடித்து, உறைந்து வெடிக்காமலிருக்கக் கழிப்பறைகளில் இளஞ்சிவப்பு மருந்தை ஊற்றியவளே வெர்னாதான். இந்த ஊரில் இந்தப் பருவத்தில் துண்டை நனைக்க வேண்டுமென்றால் கடலுக்குள்தான் இறங்க வேண்டும். அவள் துண்டைத் தொட்டாள். வெயிலில் கிடந்தது போல வெதுவெதுப்பாக இருந்தது. தேங்காய் எண்ணெய் கலந்த வெயில் களிம்பின் வாசனை வந்தது. ஓரத்தில் ஆரஞ்சு நூலால் ‘ஹவானா சாண்ட்ஸ்’ என்று நெய்திருந்தது.

ஹவானா சாண்ட்ஸ் மோட்டலை இடித்துத் தரைமட்டமாக்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அங்கே சாம்பல் நிறத்தில் மூன்றடுக்கு வீடுகள் நிற்கின்றன. எல்லாம் ஒரே அச்சு.

எவனோ விளையாடுகிறான் என்று வெர்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஊரில் அவளைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. ஐம்பதுகளில் கட்டிய மோட்டல்கள் ஒவ்வொன்றாக விழ விழ, புல்டோசர் வருவதற்கு முதல் நாள் அங்கே போய்க் கிடைத்ததை வாங்கி வருவது அவள் வழக்கம். பிளாஸ்டிக் தென்னைமரம், நியான் எழுத்து, காசு போட்டால் ஆடும் கட்டில், முக்கியமாகக் கதவுகள். டர்க்காய்ஸ் நீலம், எலுமிச்சை மஞ்சள், ஃபிளமிங்கோ சிவப்பு என்று அந்தக் காலத்து வண்ணம் அப்படியே இருக்கும் கதவுகள். தன் ‘மூன்பீம்’ மோட்டலில் உப்புக்காற்று தின்ற கதவுகளைக் கழற்றிவிட்டு அவற்றை மாட்டினாள். இறக்கை விரித்த கூரையும் சாய்ந்த கண்ணாடிச் சுவரும் கொண்ட மூன்பீமை ஊரின் பழைய கட்டடப் பாதுகாப்புக் குழுவினர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆனால் குழுவுக்காகவா அவள் இத்தனையும் செய்தாள்? பக்கவாதத்தில் விழுந்த கணவர் நுன்சியோவுக்காக. தன் அப்பா கட்டிய இடத்தில்தான் கண்ணை மூடுவேன் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். அதுவரை இந்தக் கட்டடம் நின்றாக வேண்டும். அவளுக்கு வேறு கவலையே கிடையாது.

அவள் துண்டைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தாள். அலுவலகத்தை அடுத்த அறையில் நுன்சியோ தலையணையில் சாய்ந்திருந்தார். வரவேற்பு மேஜையிலிருந்த பழைய மணியை அவருடைய நல்ல கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். எதுவும் வேண்டுமென்றால் ஒரு தட்டு. காலையில் கொடுத்த மினஸ்ட்ரோனி சூப் அப்படியே ஆறிக் கிடந்தது.

“மேல ரூம்ல பிள்ளைங்க” என்றார், ஒரு பக்க வாயால் மெதுவாக. “ஒரே ஓட்டம். யாருக்குக் குடுத்திருக்க?”

“இந்தக் குளிர்ல எந்தக் கிறுக்கன் வருவான்? காத்துதான். தூங்கு.”

சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தாள். மேலே யாரோ குதிகாலை அழுத்தி ஓடினார்கள். ஓடி, நின்று, திரும்பி ஓடினார்கள்.

நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. வடகிழக்குக் காற்று வலுத்திருந்தது. விரிகுடாப் பக்கத்துத் தெருக்களில் வழக்கம்போலத் தண்ணீர் ஏறி, ஊருக்கு வெளியே போகும் சாலை மூழ்கியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கைவிளக்கை எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினாள். அங்கே மின்சாரத்தை நவம்பரிலேயே துண்டித்தாகிவிட்டது. ஆனாலும் டர்க்காய்ஸ் கதவுக்குப் பின்னால் ஏதோ உர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது, நிற்காமல், சொகுசாக. அது காசு போட்டால் ஆடும் கட்டிலின் சத்தம் என்று புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடுத்த கதவு, எலுமிச்சை மஞ்சள். உள்ளே கண்ணாடி டம்ளரில் பனிக்கட்டி உருளும் சத்தம், ஒரு பெண்ணின் தாழ்ந்த சிரிப்பு. அதற்கடுத்தது மூன்பீமின் சொந்தக் கதவு. அதில் காதை வைத்தாள். அமைதி. அடுத்தது வேறு மோட்டலிலிருந்து வந்த கதவு. உள்ளே ஒரு குழந்தை இருமியது. வாசலில் ஈர மணல், சின்னப் பாதங்கள், எல்லாம் உள்ளே போகிற தடங்கள்.

அவள் ஓரடி பின்வாங்கினாள். கதவுகள்தான். இடித்த மோட்டல்களிலிருந்து அவள் தூக்கி வந்த கதவுகள். அந்த அறைகள் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை. இங்கே மட்டும்தான் இருக்கின்றன.

அலுவலகத்துக்கு ஓடிவந்து க்ளெம் ஹார்டிகனைத் தொலைபேசியில் அழைத்தாள். கதவுகளை மாட்டிக் கொடுத்த தச்சன் அவன்தான், குழுவிலும் இருக்கிறான். உடனே வந்து எல்லாக் கதவுகளையும் கழற்றிவிடச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். இதை வாங்க என்னோடு சண்டை போட்டவள்தானே நீ, ஒயினா குடித்திருக்கிறாய் என்று கிண்டல் செய்தான். பிறகு அவள் மூச்சு வாங்குவதைக் கேட்டுக் குரலை மாற்றிக்கொண்டான்.

“வெர்னா, என் ஜீப்பே பாதி தண்ணிக்குள்ள நிக்குது. வெள்ளம் வடியட்டும், வந்துடறேன். அதுவரைக்கும் நீ ஏன் மாடிக்குப் போற? நுன்சியோகூட உள்ள உட்காரு. அவருக்குன்னு மாட்டினோமே, ஹவானாவோட அந்த அகலக் கதவு, அது யானை முட்டினாலும் அசையாது.”

வெர்னாவின் கையில் ரிசீவர் கனத்தது.

சக்கர நாற்காலி நுழைய வேண்டும் என்று அவளே தேடிப் பிடித்த கதவு. குழந்தை குட்டிகளோடு வருகிறவர்களுக்கென்று ஹவானா சாண்ட்ஸில் இருந்த பெரிய அறையின் கதவு. அதை மாட்டிய அன்று நுன்சியோ அதன் சிவப்பு நிறத்தைப் பார்த்துப் பாதி முகத்தால் சிரித்தார்.

அப்போது ஜன்னலில் வெளிச்சம் விழுந்து, சுவரை மெதுவாகத் துடைத்துக்கொண்டு போனது. கார் நிறுத்துமிடத்தில் பின்புறம் மீன் துடுப்பு போல இறக்கை வைத்த நீளமான பழைய கார் ஒன்று நின்றது. தண்ணீரில் மூழ்கிய சாலை வழியாக எப்படி வந்தது? எஞ்சின் சத்தமில்லை. நான்கு கதவுகளும் திறந்தன. ஓர் ஆண், ஒரு பெண், இரண்டு சிறுவர்கள். காற்று பிளாஸ்டிக் தென்னைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது, அவர்கள் தலைமுடி அசையவில்லை. அலுவலகத்தின் பக்கம் யாரும் திரும்பவில்லை. தங்கள் அறை எது என்று தெரிந்தவர்கள் போல நேராக நடந்தார்கள்.

ரிசீவர் விழுந்தது. க்ளெம் எங்கோ கூப்பிட்டான்.

வெர்னா வெளியே ஓடினாள். செருப்பு கழன்றது. சிவப்புக் கதவு மூடிக்கொண்டிருந்தது. கை வைப்பதற்குள் மூடிவிட்டது. சாவியைப் போட்டுத் திருப்பினாள். திரும்பியது. உள்ளே சங்கிலி போட்டிருந்தார்கள்.

அவள் தட்டினாள்.

“ஆள் இருக்கு” என்றது ஓர் ஆண்குரல். மரியாதையான குரல். விடுமுறைக் குரல்.

மணி ஒலித்தது. ஒரு தட்டு.

“நுன்சியோ!”

மறுபடி ஒரு தட்டு. மறுபடி. நிறுத்தாமல். அவர் அவளைத்தான் கூப்பிடுகிறார். வேறு யாரைக் கூப்பிடுவார்?

ஜன்னலுக்கு ஓடினாள். கட்டில் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. அவர் காலடியில் அந்தப் பெண் உட்கார்ந்து ரப்பர் குளியல் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தொப்பிக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. சிறுவர்கள் நுன்சியோவின் இரண்டு பக்கமும் போர்வைக்குள் நுழைந்தார்கள். நனைந்த தலைகள். நீலம் பாய்ந்த உதடுகள். குளிருக்குச் சூடு தேடுகிற பிள்ளைகள். அவரை நெருக்கி, இன்னும் நெருக்கிப் படுத்தார்கள். நுன்சியோவின் கண்கள் ஜன்னலையே பார்த்தன. அவளையே பார்த்தன.

வெர்னா இரும்பு நாற்காலியைத் தூக்கி அடித்தாள். புயலுக்குத் தாங்கட்டும் என்று அவளே போட்ட கண்ணாடி. கீறல்கூட விழவில்லை. அடித்தாள். அழுதாள். தோள் விட்டுப்போகும்வரை அடித்தாள்.

அந்த ஆண் ஜன்னலருகே வந்தான். தொந்தரவுக்கு மன்னித்துவிடுகிறவன் போல லேசாகத் தலையசைத்தான். திரையை இழுத்தான்.

மணி நின்றது.

திரையின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஒரு கை வந்து துணியைப் பற்றியது. நுன்சியோவின் நல்ல கை. கல்யாண மோதிரம் கண்ணாடியில் உரசியது. வெர்னா தன் உள்ளங்கையை இந்தப் பக்கம் வைத்து அழுத்தினாள். கண்ணாடி பனிக்கட்டியாக இருந்தது. பிறகு சின்ன ஈர விரல்கள் சில கீழேயிருந்து ஏறி வந்தன. அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாக அந்தக் கையைப் பிரித்தெடுத்து, உள்ளே கூட்டிக்கொண்டு போயின.