பதினொன்றாவது ஷரத்து

ட்ரிங்... ட்ரிங்...!

லேத்தை நிறுத்திவிட்டு, கிரீஸ் அப்பிய கையோடு செல்போனை எடுத்தார் லேத்காரர்.

"சார், பேங்க்லேர்ந்து பேசறேன். உங்க லோன் ரிஜெக்ட் ஆயிடுச்சு."

"என்னது! நேத்துகூட கிடைச்சுடும்னீங்களே?"

"அந்த மனைக்குப் போற பாதை நாலடிதான் சார். அடமானமா எடுக்க முடியாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க."

மணி நான்கு!

மனைவியை அழைத்து விஷயத்தைச் சொன்னார்.

"ஐயோ! என் நகையை வித்துக் குடுத்த எட்டு லட்சம் அட்வான்ஸாச்சேங்க!"

"பதறாதே. லோன் கிடைக்கலைன்னா திருப்பித் தரணும்னு அக்ரிமெண்ட்லயே இருக்கு. ஆனா இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள மனையை விக்கறவருக்கு எழுத்துல தெரிவிக்கணும். தவறினா மொத்தமும் அவருக்குத்தான்."

"அப்ப எங்கிட்ட என்ன பேச்சு? ஓடுங்க!"

கடிதமும் நகலும் எழுதிக்கொண்டு ஓடினார்.

நிலத்தை விற்பவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், தனிக்கட்டை. கதவு தாழிடப்படவில்லை.

"ஐயா... ஐயா...!"

உள்ளே போனார். நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் தோளைத் தொட்டார்.

ஜில்லென்றிருந்தது!

நியாயமாக அவர் அலறியிருக்க வேண்டும். ஆனால் அவர் பார்வை பாய்ந்ததோ சுவர்க் கடிகாரத்தின் மேல்.

4.40!

செல்போன் அதிர்ந்தது.

"குடுத்துட்டீங்களா?"

"யாருகிட்டடி குடுக்க? மனுஷன் செத்துக் கிடக்கறாரு!"

"ஐயையோ... போலீசுக்குச் சொல்லுங்க!"

"அவங்க வர்றதுக்குள்ள அஞ்சு அடிச்சுடும். வாங்கிக்கிட்டேன்னு நகல்ல யாரு கையெழுத்து போடுவா?"

மரத்தைப் பிளந்தவன் ஆப்பைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போனான். குரங்குக்கு அங்கே என்ன வேலை? இருந்தும் ஆப்பை அசைத்தது. பிளவு மூடியது, வால் சிக்கியது. நெருக்கடி வந்துவிட்டால் மனிதனும் அந்த ஆப்பைத்தான் தேடுகிறான்.

லேத்காரர் தம் கை கிரீஸை அந்தக் குளிர்ந்த கட்டைவிரலில் தடவினார். நகலின் அடியில் அழுத்தினார்.

அடுத்த நொடி... தெருவில் இருந்தார்.

மறுநாள் காலையில், சொத்துக்கு வாரிசான பேராசிரியரின் தம்பி மகனிடம் அந்த நகலை நீட்டி அட்வான்ஸைக் கேட்டார். மதியமே காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள்.

"உட்காருங்க லேத்காரரே. இவ்வளவு படிச்ச மனுஷன் கைநாட்டு வெப்பாரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவருக்குக் கை நடுங்கும் சார்..."

"நடுங்கியிருக்காது. பன்னிரண்டு மணிக்கே ஆள் போயாச்சு! செத்தவரு விரல்ல லேத் கிரீஸ் எப்படி வந்துச்சு?"

லேத்காரர் துள்ளி எழுந்தார்.

"நான் கொல்லலை சார்! சத்தியமா!"

"கொலைன்னு யாருய்யா சொன்னா? மாரடைப்பு! அந்த வீட்டுல நடந்த ஒரே குற்றம் நீங்க பண்ணதுதான்."

"என்னை ஜெயில்ல போடுங்க சார்... என் வீட்டுக்காரி பணத்தை மட்டும்..."

இன்ஸ்பெக்டர் ஒப்பந்தத்தைப் புரட்டினார்.

"இதை முழுசாப் படிச்சீங்களா?"

"புரோக்கர்தான் படிச்சுச் சொன்னாரு. முக்கியமானதை மட்டும்..."

"பதினொண்ணாவது ஷரத்து. கேளுங்க. 'கடன் மறுக்கப்பட்டதை எழுதி, விற்பவரின் வாசல் தபால் பெட்டியில் குறித்த நேரத்துக்குள் இட்டாலே போதுமானது. ஒப்புகை தேவையில்லை.'"

"பெட்டியில போட்டாலே... போதுமா?"

"போதும். உயிரோட இருந்தாலும் சரி, செத்துட்டாலும் சரி. ஆமா... அசல் கடுதாசியையாவது அங்க விட்டுட்டு வந்தீங்களா?"

லேத்காரரின் கை மெல்லச் சட்டைப் பைக்குள் போனது.

நான்காக மடித்த அசல்... அப்படியே இருந்தது!

"அப்ப நேத்து அஞ்சு மணியோட எட்டு லட்சமும் போச்சு," என்றார் இன்ஸ்பெக்டர்.

கூடவே வந்து வாசலில் நின்ற மனைவி சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் லாக்கப்பின் பூட்டைத் திறந்தார்.

"வாங்க லேத்காரரே! இந்த இடத்துக்கு லோனும் வேண்டாம்... அட்வான்ஸும் வேண்டாம்!"