கண்ணாடிக்கு உட்பக்கம்

வெப்பம் நானூறு டிகிரியில் ஆணியடித்தாற்போல் நின்றிருக்க, அழுத்தம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முந்நூறு பார், முந்நூற்று இரண்டு, மறுபடி முந்நூறு. கோகிலவாணி பொரி மெல்வதை நிறுத்திவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தாள். இறுக்கி மூடிய கலம், மாறாத சூடு, பம்பை நிறுத்தி இரண்டு நாளாகிறது. பிறகு எது ஆட்டுகிறது இந்த எண்ணை?

ஆயுத பூசை. மத்தியானம் மூன்று மணி. மொரப்பூரிலிருந்து கடத்தூர் போகும் சாலையில், சோளக்காட்டை ஒட்டிய அந்தக் கல்லூரியின் கடைசிக் கட்டிடத்தில் அவளும் அட்டெண்டர் சென்றாயனும்தான் மிச்சம். கம்ப்யூட்டர், ஸ்பேனர், தராசு என எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு மற்றவர்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். பூசையில் வைத்த கருவியை அன்றைக்குத் தொடமாட்டார்கள். ஆனால் பூமியின் ஆழத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் தண்ணீர் பாறையை என்ன செய்கிறது என்று பார்க்கும் சோதனையைப் பாதியில் அணைக்க முடியுமா? முதல் முறை மின்வெட்டில் போனது. இரண்டாம் முறை மூடி கசிந்தது. இதுவும் போனால் அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சி கோவிந்தாதான் என்று வழிகாட்டி வெங்கடாசலம் சார் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

கலம் பக்கத்துக் கான்கிரீட் அறையில் இருந்தது. வெளியே ஆட்டுரல் அளவு எஃகு, உள்ளே ஒரு டம்ளர் கொள்ளும் குழி, அதற்கு ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு கண்ணாடி, அதை நோக்கி ஒரு கேமரா. அந்தச் சூட்டில் தண்ணீர் தண்ணீராகவும் இருக்காது, ஆவியாகவும் இருக்காது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு அழிந்துபோகும். அந்தக் கோடு மறைவதை முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. இன்றைக்கு அதே திரையைப் பார்க்க ஏனோ பிடிக்கவில்லை. கற்பூரமும் நசுங்கிய பூசணிக்காயும் கலந்த வாடை அறைக்குள் தேங்கியிருந்தது. எக்ஸாஸ்ட் காற்றாடி ஒரே சீராக முனகியது. ஜன்னலுக்கு வெளியே காய்ந்த சோளத்தட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன.

அவள் எண்ணிப் பார்த்தாள். நிமிடத்துக்குப் பதினாறு தரம். மூச்சு விடுகிற கணக்கு. தன் மூச்சை அடக்கினாள். எண் நிற்கவில்லை. தலையைத் திருப்பினாள். கதவோரம் நாற்காலியில் சாய்ந்திருந்த சென்றாயனின் நெஞ்சு ஏறும்போது எண் ஏறியது. இறங்கும்போது இறங்கியது.

"அண்ணா, கையில என்ன துணி சுத்தியிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். லேசா சுட்டுக்கிச்சுங்க."

"எங்க?"

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நீங்க சாப்பிடப் போனப்ப உள்ள போனேனுங்க. எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சுப்புட்டு, உள்ள இருக்கற பெருசுக்கு மட்டும் வெக்காம வுட்டா மனசு கேக்கலீங்க. கண்ணாடி மேல ஒரே ஒரு பொட்டுங்க, அவ்ளோதான்."

கோகிலவாணிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "ஓடுறப்ப யாரும் உள்ள போகக்கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கே! கண்ணாடி வெடிச்சிருந்தா உங்களை அள்ளித்தான் எடுத்திருக்கணும்!"

"தப்புதானுங்க." குரல் இறங்கியது. "ஆனா வெரல எடுக்க முடியலீங்க மேடம். உள்ளயிருந்து யாரோ சப்புன மாதிரி இருந்துச்சுங்க."

அவள் துணியைப் பிரித்தாள். கொப்புளம் இல்லை, சிவப்புகூட இல்லை. விரல் நுனி உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த விரலில் ஒரு ரேகை இல்லை.

திரைக்கு ஓடி, கேமராவின் குவியத்தை மெல்ல உள்ளே நகர்த்தினாள். வெளிப்பக்கத்துக் குங்குமம் மங்கியது. கண்ணாடியின் உட்பக்கம் தெளிந்தது. அங்கே ஒரு விரல் ரேகை சுழி சுழியாகப் பதிந்திருந்தது. நானூறு டிகிரியில் எதுவும் அப்படி ஒட்டியிருக்க முடியாது.

அப்போதே அழுத்தத்தை வெளியேற்றும் வால்வைத் திறந்திருக்கவேண்டும். சோதனை முடிய இன்னும் பதினெட்டு மணி நேரம்தானே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்த மனுஷனைவிட அந்த எண்தான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

"நான் கெளம்பட்டுங்களா? வூட்ல பாஞ்சாலி பார்த்துக்கிட்டு இருக்கும்ங்க. பேத்தி வேற வந்திருக்குது."

"ஒரு மணி நேரம் இருங்கண்ணா. தனியா இருக்க பயமா இருக்கு."

அவர் இருந்தார். எப்போது கேட்டாலும் இருப்பவர்.

கால் மணி கழித்து முதல் ரேகைமேல் இன்னொன்று. பிறகு ஒரு கட்டைவிரல். பிறகு உள்ளங்கைக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மொரப்பூர்ப் பக்கம் ஏதோ ரயில் போன ஓசை வந்து தேய்ந்தது. சோளத்தட்டைகளின் உரசல் நின்றுபோயிருந்தது.

"மேடம், கை மரத்துப் போச்சுங்க."

சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கைவரை வழவழப்பு. மனைவி பெயரைப் பச்சை குத்தியிருந்த இடம் வெறும் தோலாக இருந்தது. திரையில் ஏதோ பச்சையாக நகர்ந்தது. ஓர் எழுத்து. 'பா'.

சென்றாயன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "வலிக்கலீங்க," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "அதாங்க பயமா இருக்குது."

அவள் வால்வைத் திறந்தாள்.

கட்டிடத்தின் பின்னால் ஆவி வெளியேறும் குழாய் அலறியது. முந்நூறு. இருநூறு. ஜன்னல் முழுக்க வெள்ளை. தொண்ணூறு. நாற்பது. ஆராய்ச்சி போகட்டும். எல்லாம் போகட்டும். பத்து. பூஜ்யம்.

அலறல் அடங்கியது. திரையில் வெறும் குழி, ஒரு துண்டுக் கல், சுத்தமான கண்ணாடி.

"முடிஞ்சுதுண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

துண்டு அசையவில்லை.

வெளியே ஒரு மொபெட் கிளம்பியது.

ஜன்னலுக்குப் போனாள். ஆவி விலகிக்கொண்டிருந்தது. குழாயடியிலிருந்து சென்றாயனின் வண்டி நின்ற இடம்வரை சிமெண்டில் ஈரக் காலடிகள். செருப்பில்லாத கால்கள். வெயிலில் அவை புகைந்தன. வண்டியைக் காணவில்லை.

ஆம்புலன்சுக்கு அழைத்தாள். மொரப்பூரிலிருந்து வரவேண்டும், இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். துண்டை விலக்கிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. தண்ணீர் எடுத்து வந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். சூடாகவும் இல்லை, சில்லென்றும் இல்லை.

மேசைமேல் அவருடைய போன் அடித்தது. பாஞ்சாலி.

"மேடம்ங்களா? போனை அங்கியே வுட்டுட்டு வந்துட்டாருங்க, பத்திரமா வையுங்க."

"யார்... யாரு வந்தா?"

"எங்க வூட்டுக்காரருதாங்க. இப்பத்தான் வந்தாரு. காய்ச்சல் போலருக்குதுங்க, ஒடம்பெல்லாம் கொதிக்குது, கிட்ட நிக்க முடியல. வாயத் தொறந்து ஒரு பேச்சு இல்லீங்க. பேத்தியக் குடுன்னு கைய மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. செத்த இருங்க, புள்ளையக் குடுத்துட்டு வரேன்."

"குடுக்காதீங்க! பாஞ்சாலியக்கா, குடுக்காதீங்க!"

போனை எங்கோ வைத்த சத்தம். போனுக்குள், தூரத்தில் ஒரு குழந்தையின் சிரிப்பு.

நாற்காலி கிறீச்சிட்டது. சென்றாயன் எழுந்து நின்றார். துண்டு விழுந்தது. சுருக்கம் இல்லை. புருவம் இல்லை. வாய் இருந்த இடத்தில் தோல் மட்டும். சிரிப்பு வந்த திசைக்கு அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். அந்தத் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று திறந்து திறந்து மூடியது.